மொட்டை நட்சத்திரம்

லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில் அந்த அறிவிப்பை யார் ஒட்டிவிட்டுப் போனார்கள் என்று தெரியவில்லை. பசை இன்னும் காயவில்லை.

'இக்கட்டிடத்தில் வசிப்போர் எண்ணிக்கை: ஒன்று. ஒருவருக்காக மின்தூக்கியை இயக்குவது பொது நலனுக்கு உகந்ததன்று. ஆகவே இம்மாத இறுதியோடு மின்தூக்கி நிறுத்தப்படும். இப்படிக்கு, மாநகர எண்ணல் வாரியம்.'

கண்ணாடிக்காரர் அதைக் கடைசி வரி வரை படித்தார். தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். நாள் முழுக்க மற்றவர்களைச் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லிச் சொல்லி, சுவரில் எது தொங்கினாலும் அடிவரை படித்துவிடும் பழக்கம் வந்திருந்தது. அவருக்குப் பின்னால் லிஃப்ட்டுக்காக ஒரு சிறிய கூட்டமே நின்றுகொண்டிருந்தது. அவர்களும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்கள்.

"ஒருத்தர்தானாம்," என்றார் இரண்டாம் மாடி டீச்சர்.

"யாரு அது?" என்றார் ஐந்தாம் மாடி பேக்கரிக்காரர்.

ஒவ்வொருவரும் மற்றவர்களை மரியாதையோடு ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளுக்குள் தன்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அது சண்டையாகிவிட்டது. இந்தக் கட்டிடத்திலேயே தினமும் விடியற்காலையில் எழுந்திருக்கும் ஒரே ஆள் தான்தான் என்றார் பேக்கரிக்காரர். ஆள் என்று சொல்வதற்கு எழுந்திருந்தால் மட்டும் போதாது என்றார் டீச்சர்.

கண்ணாடிக்காரர் இந்தப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. அவருடைய கவலை ஏழாம் மாடியில் இருந்தது. அங்கே அவர் தன் அக்காவோடு குடியிருந்தார். அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் கால்களை எடுத்துக்கொண்டு குரலை விட்டுவிட்டுப் போனது என்று அவளே சொல்வாள். தினமும் காலையில் சக்கர நாற்காலியில் லிஃப்ட்டில் இறங்கி வேலைக்குப் போவாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஊரே ரயில் ஏறியது.

"அக்கா, மாசக் கடைசியோட லிஃப்ட்ட நிறுத்தப் போறாங்களாம்."

"எத்தனை மணிக்கு?" என்றாள் அக்கா. தொழில் புத்தி.

"விளையாடாதக்கா. நீ எப்படி வேலைக்குப் போவே? வேணும்னா நான் தூக்கிட்டுப் போறேன்."

"போன தடவை லிஃப்ட் ரிப்பேரானப்ப தூக்கிட்டுத்தானே வந்தே. மூணாம் மாடி வந்ததும் என்னைப் படியில உக்கார வெச்சுட்டு நீ மயக்கம் போட்டு விழுந்துட்டே. அந்த மாடியில இருந்த தபால்காரர் வந்து உனக்குத் தண்ணி தெளிச்சு, எனக்குக் குடிக்கக் கொடுத்து, ரெண்டு பேரையும் தேத்தினார்."

"நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான். போய்ச் சேர்ந்துட்டாரு," என்றாள் அக்கா. பிறகு ஜன்னல் வழியாகக் கீழே தெருவைப் பார்த்தாள். "லிஃப்ட் நின்னா இந்த ஜன்னல்தான்டா எனக்கு ஊர்."

*

எண்ணல் வாரியம் பதினோரு மாடிக் கட்டிடம். வாசலில், தூண்களில், கதவுக் கைப்பிடிகளில், குப்பைக்கூடையில்கூட ஒரு நட்சத்திரம் பொறித்திருந்தது. அது வாரியத்தின் சின்னம். தரைத்தளத்தில் 'சந்தேகங்கள்' என்று எழுதிய ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். இதுவரை எந்தச் சந்தேகமும் அவரைத் தொட்டதில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எங்க கட்டிடத்துல ஒருத்தர்தான்னு போட்டிருக்கீங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

"ஆமா சார். சரியாத்தான் இருக்கு."

"நானே அங்கதான் இருக்கேன். எங்க அக்காவும் இருக்காங்க. அதுலயே ரெண்டாயிடுச்சே."

"அது நீங்களா எண்ணினது, சார். தனிநபர் எண்ணிக்கைய வாரியம் ஏத்துக்கிறதில்ல."

"சரிங்க. அந்த ஒருத்தர் யாருன்னாவது சொல்லுங்க."

"எத்தனைங்கறதுதான் எங்க வேலை. யாருங்கறது எங்க வேலை இல்ல." அம்மாள் அவரைப் பார்த்து இரக்கப்பட்டார். "அது நீங்களாவே இருக்கலாம். மனசைத் தளர விடாதீங்க."

அவர் மனசைத் தளரவிடாமல் அங்கேயே நின்றதால், நான்காம் மாடியில் இருக்கும் வினா எழுதுபவரிடம் அனுப்பப்பட்டார்.

வினா எழுதுபவர் மெலிந்த மனிதர். எண்ணும் இயந்திரத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளை அதற்குப் புரியும் மொழியில் எழுதிக்கொடுப்பது அவர் உத்தியோகம். வருடம் முழுக்க ஒரே கேள்விதான் கேட்கவேண்டியிருந்தது. அதைத் தாளில் அச்சிட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

எண்ணு(குடியிருப்போர்.*)

கண்ணாடிக்காரர் கைக்குட்டையை எடுத்து, கண்ணாடி மேல் கிடந்த தூசியைத் துடைத்தார். தூசி போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"அது தூசி இல்ல சார், நட்சத்திரம்," என்றார் வினா எழுதுபவர். "உங்க கஷ்டத்துக்கே அதுதான் காரணம்."

பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, விளக்கினார். இயந்திரத்திடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் பெயர், வயது, வேலை என்று கட்டம் கட்டமாக இருக்கும். எண்ணு என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் வெறும் நட்சத்திரத்தை மட்டும் போட்டால், 'எல்லாரையும் எண்ணு' என்று அர்த்தம். எந்த இயந்திரமும் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாது.

"பின்ன அப்படியே போட வேண்டியதுதானே?"

"அப்படித்தான் சார் போட்டுட்டிருந்தேன். ஒருநாள் தலைவர் பார்த்துட்டார். 'என்னய்யா இது, நம்ம சின்னம் இப்படி மொட்டையா நிக்குது? மொட்டைக் கடுதாசி மாதிரி இருக்கு. முன்னால ஒரு இனிஷியல் போடு'ன்னுட்டார். சுற்றறிக்கையே வந்துடுச்சு. அதனால பட்டியல் பேரை முன்னால எழுதி, புள்ளி வெச்சு, நட்சத்திரம் போடுறேன். இனிஷியல் வெச்ச மாதிரி."

"அதுல என்ன கெட்டுப்போச்சு?"

"பழைய மிஷின் பெருந்தன்மையான மிஷின். அப்பவும் எல்லாரையும்தான் எண்ணிச்சு. புதுசா ஒண்ணு வாங்கினாங்க. அது பேர், புள்ளி, நட்சத்திரம்னு பார்த்ததும் 'எல்லாரும்'னு எடுத்துக்கிறதில்ல. 'எல்லாம்'னு எடுத்துக்குது. வரியில எல்லாம் இருந்தாத்தான் அது ஒரு ஆள். ஒரே ஒரு கட்டம் காலியா இருந்தாலும் தாண்டிப் போயிடுது."

"மிஷினோட புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"ரெண்டு விதமாவும் எடுத்துக்கலாம்னு போட்டிருக்கு. அடுத்த பக்கத்துல, அதனால இப்படி எழுதறதைத் தவிர்க்கவும்னு போட்டிருக்கு. அந்தப் பக்கத்தை மட்டும் தலைவர் வாங்கி வெச்சுக்கிட்டார்."

கண்ணாடிக்காரர் தன் வரியையும் அக்காவின் வரியையும் காட்டச் சொன்னார். பெயர் இருந்தது. வேலை இருந்தது. செருப்பு அளவுகூட இருந்தது. நாற்காலியில் போகிறவளுக்கும் விடாமல் கேட்டு எழுதியிருந்தார்கள். கடைசிக் கட்டம் மட்டும் இரண்டு வரியிலும் காலி. அதன் தலைப்பு: இறந்த தேதி.

"இது காலியா இருக்கு பாருங்க," என்றார் வினா எழுதுபவர்.

"நாங்க இன்னும் சாகலையே."

"அது காரணம், சார். காரணம் எழுத இதுல கட்டம் இல்ல."

கண்ணாடிக்காரருக்கு மெல்ல ஒன்று உறைத்தது. "அப்ப எங்க கட்டிடத்துல அந்த ஒருத்தர்…"

"மூணாம் மாடி. தபால் இலாகாவுல இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கு. ரொம்பச் சுத்தமான வரி."

அன்றைக்குத்தான் கண்ணாடிக்காரருக்கு ஊரில் பல விஷயங்கள் புரிந்தன. கல்லறைத் தோட்டத்துக்கு ஏன் புதிதாக மூன்று பஸ் விட்டார்கள், அதன் வாசலில் ஏன் ஒரு குழந்தைகள் பூங்கா கட்டுகிறார்கள் என்பதெல்லாம் நட்சத்திரம்போல் தெளிவாயிற்று.

*

பொதுமக்கள் குழப்பமடைந்திருப்பதாகத் தகவல் வந்ததால் வாரியம் கூடியது. மேஜையின் கோடியில் 'பொதுமக்கள்' என்று அட்டை வைத்த ஒரு நாற்காலி போட்டு, அதில் கண்ணாடிக்காரரை உட்கார வைத்தார்கள்.

வாரியம் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்திருந்தது. நட்சத்திரம் என்றால் எல்லாரும் என்பவர்கள் ஜன்னல் பக்கமும், எல்லாம் என்பவர்கள் சுவர்ப் பக்கமும் உட்கார்ந்தார்கள். இரு தரப்பும் ஒரே பிளாஸ்க்கிலிருந்து டீ குடிப்பதில்லை. நடுநிலையாக ஓர் இலக்கணப் பேராசிரியர் வரவழைக்கப்பட்டிருந்தார்.

"எல்லாரும் என்பது உயர்திணை," என்றார் பேராசிரியர். ஜன்னல் பக்கம் கைதட்டியது. "எல்லாம் என்பதை அஃறிணை என்பார்கள் சிலர்." சுவர்ப் பக்கம் முகம் சுருங்கியது. "ஆனால் 'நாமெல்லாம்' என்கிறோம், 'அவர்களெல்லாம்' என்கிறோம். ஆகவே எல்லாம் என்பது இரு திணைக்கும் பொது." இப்போது இரண்டு பக்கமும் கைதட்டின. பேராசிரியர் தனக்கான டீயை எந்தப் பிளாஸ்க்கிலிருந்து கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் எழுந்தார். குரலைச் சரிசெய்துகொண்டார்.

"நான் இங்க வந்தப்ப நம்ம நட்சத்திரம் அநாதையா நின்னுச்சு. அதுக்கு ஒரு பேரு கொடுத்தது யாருன்னு நான் சொல்லிக்க விரும்பல. முன்னாடி நாம எல்லாரையும் எண்ணினோம். அதுல என்ன பெருமை இருக்கு? எல்லாரையும் எண்ணறதுன்னா யாரு வேணும்னாலும் எண்ணிடலாம். வாசல்ல நின்னு பார்த்தாலே போதும். அதுக்கு எதுக்கு ஒரு வாரியம், பதினோரு மாடி, எனக்கு ஒரு கார்? புது முறையில எண்ணின மக்களைப் பாருங்க. எண்ணின பிறகு ஒருத்தர் வீடு மாத்தல. ஒருத்தர் வேலை மாத்தல. நேத்து ஒண்ணு இன்னிக்கு ஒண்ணு சொல்லல. ஒரு புகார் வந்திருக்கா? இவ்வளவு ஒழுங்கான மக்கள் இந்த ஊருக்கு இதுக்கு முன்னால கிடைச்சதுண்டா? குறை சொல்றவங்க எல்லாம் யாரு? கட்டத்தைக் காலியா வெச்சிருக்கறவங்க."

கண்ணாடிக்காரர் கையைத் தூக்கினார். "ஐயா, அந்தப் பேரையும் புள்ளியையும் எடுத்துட்டாப் போதுங்க. எல்லாம் சரியாயிடும்."

ஜன்னல் பக்கத்தவர்களும்கூடக் கூச்சத்தோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"பொதுமக்கள் மொட்டையாப் பேசக் கூடாது," என்றார் தலைவர்.

பிறகு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: வினாவை மாற்றுவதில்லை; மக்களை நிரப்புவது. உயிரோடு இருப்பவர்கள் தங்கள் உத்தேச இறப்புத் தேதியை மாத இறுதிக்குள் சந்தேக ஜன்னலில் தெரிவிக்கலாம். தெரிவிக்காதவர்கள் இல்லாதவர்கள்.

*

கட்டிடமே ஜன்னலுக்குப் போனது. டீச்சர் எழுபது வருடம் தள்ளி ஒரு தேதி சொன்னார். அது பேராசையாகத் தெரிகிறது என்று அம்மாள் திருப்பி அனுப்பினார். கிட்டத்தில் வரும் தேதி என்றால் வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்ட பேக்கரிக்காரர், வருகிற புதன்கிழமை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை அவர் கடைக்கு விடுமுறை.

புதன்கிழமை காலையில் சரிபார்க்கும் அதிகாரிகள் இரண்டு பேர் ஒரு முத்திரையோடு வந்து மணியடித்தார்கள். பேக்கரிக்காரரே கதவைத் திறந்தார். அதிகாரிகளின் முகம் வாடியது.

"என்ன சார் இது? உடம்புக்கு ஏதாவது…?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கேன். மன்னிக்கணும்."

"இன்னும் ரெண்டு வீடு போகணும் சார் நாங்க. நீங்களே தேதி கொடுத்துட்டு நீங்களே இப்படிப் பண்ணினா எப்படி?"

"சாயங்காலம் வரைக்கும் வேணும்னா பாருங்களேன்," என்றார் பேக்கரிக்காரர். அவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவர் சூடாக ரொட்டி கொடுத்தார். சாயங்காலம் வரை ஒன்றும் நடக்கவில்லை. தவறான தகவல் தந்ததற்காக அவர்மேல் ஒரு வழக்கை எழுதி வைத்துவிட்டு அதிகாரிகள் வருத்தத்தோடு எழுந்தார்கள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து பார்க்கறேன்," என்றார் அவர் மனைவி அதிகாரிகளிடம். "சொன்ன நேரத்துக்கு ஒரு வேலை செஞ்சதில்ல."

அதற்குப் பிறகு கட்டிடத்தில் யாரும் தேதி கொடுக்கத் துணியவில்லை. கொடுத்தவர்களும் நாட்காட்டியைத் திருப்பி வைத்துவிட்டார்கள். மாதமும் முடிந்துகொண்டிருந்தது.

"ஏதாவது ஒரு தேதியச் சொல்லுக்கா," என்றார் கண்ணாடிக்காரர். "உனக்காக நானும் ஒண்ணு சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே நாள்னு போட்டுடுவோம்."

"வராத வண்டிக்கு நான் நேரம் சொன்னதே இல்லடா."

"உத்தேசமாத்தானே கேக்கறாங்க?"

"உத்தேசமா சொன்னா பிளாட்பாரத்துல ஜனம் பெட்டியத் தூக்கிட்டு நிக்கும். நீயும் நின்னுடுவே. உன்னை எனக்குத் தெரியும்." பிறகு, அறிவிப்பு அறைக்குள் நுழையும்போது செய்வதுபோல், தொண்டையைச் செருமிக்கொண்டாள். "என்னை அங்க கூட்டிட்டுப் போ. லிஃப்ட் இருக்கறப்பவே போயிட்டு வந்துடுவோம்."

வாரியத்தின் வாசலில் வழக்கத்துக்கு மாறான கூட்டம். ஊழியர்கள் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட் கதவில் பசை காயாத ஓர் அறிவிப்பு: 'இக்கட்டிடத்தில் பணிபுரிவோர் எண்ணிக்கை: பூஜ்யம்.' அடியில் தலைவரின் கையெழுத்து. நூற்றுக்கணக்கான அறிவிப்புகளில் ஒன்றாக அதையும் படிக்காமல் போட்டுவிட்டார் என்றும், காலையில் லிஃப்ட்டில் மேலே போன கடைசி ஆள் அவர்தான் என்றும், மத்தியானத்திலிருந்து பதினோராம் மாடியிலிருந்து ஆட்களை ஏறி வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறார் என்றும் ஒருவர் சொன்னார்.

அக்கா சந்தேக ஜன்னலில் தாளை வாங்கினாள். கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

அம்மாள் படித்தார். "தாமதம்னு போட்டிருக்கீங்களேம்மா."

"ஆமாங்க."

"தேதி கேட்டிருக்கு."

"வர வேண்டியது வரலைன்னா எங்க ஸ்டேஷன்ல அப்படித்தான் போடுவோம். ரயில் மேல கேஸ் போடுறதில்ல."

"எவ்வளவு தாமதம்?"

"அது வந்தப்புறந்தான் தெரியும்."

அம்மாளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. நான்காம் மாடியிலிருந்து வினா எழுதுபவர் இறங்கி வந்தார். தாளைப் பார்த்தார், போய் இயந்திரத்தில் ஏற்றினார், திரும்பவும் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"ஏத்துக்கிச்சு," என்றார். "உங்க கட்டிடத்துல இப்ப ரெண்டு பேர்."

"தேதி இல்லாமலா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"கட்டம் காலியா இல்லைன்னாப் போதும் சார். உள்ள என்ன இருக்குன்னு மிஷின் பார்க்கறதில்ல."

"நீங்க?"

"நாங்களும்தான்," என்று சொல்லிவிட்டு, அவர் பதினோராம் மாடியை நோக்கி ஓடினார்.

*

மறுநாள் கட்டிடம் முழுவதும் தாமதமானது. பேக்கரிக்காரரின் வழக்கு கைவிடப்பட்டது. புதன்கிழமை வந்த அதிகாரிகளே நேரில் வந்து திருத்தி எழுதிவிட்டு, ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு தெரு தாமதமானது. பிறகு வாரியத்தில் ஒவ்வொரு மாடியாகத் தாமதமாகி, கடைசியாகத் தலைவரும் தன் கட்டத்தை நிரப்பிய பிறகுதான் அவரால் லிஃப்ட்டில் இறங்கி வீட்டுக்குப் போக முடிந்தது. காலியிடங்களைச் சொற்களால் நிரப்பும் முறையைத் தான் நெடுங்காலமாகவே கடைப்பிடித்து வருவதாக அவர் பேட்டி கொடுத்தார். நட்சத்திரத்துக்கு முன்னால் இருந்த பெயரும் புள்ளியும் அப்படியே இருந்தன.

கண்ணாடிக்காரரின் கட்டிடத்துக்கு வந்த புதிய எண்ணிக்கையில் ஒன்று கூடுதலாக இருந்தது. எல்லாரும் கவனித்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தண்ணீர் கொடுத்த தபால்காரரின் கை அது. லிஃப்ட் நின்றிருந்தால் ஏறமுடியாமல் தவித்திருக்கக்கூடியவர்களில் அவரையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்றார் டீச்சர்.

சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில், அதே சுவரில் வாரியத்தின் ஆண்டறிக்கை ஒட்டியிருந்தது. அக்காவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்டிலிருந்து வெளியே வந்த கண்ணாடிக்காரர், வழக்கம்போல் நின்று படித்தார்.

"என்னடா போட்டிருக்கு?"

அவர் உரக்கப் படித்தார். "'இந்நகரில் வசிக்கும் அனைவரும் தாமதமாகிக்கொண்டிருக்கின்றனர். இதனால் ஏற்படும் சிரமத்துக்கு வாரியம் வருந்துகிறது.'"

அக்கா தலையாட்டினாள். வாசகம் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

"கீழே பொடி எழுத்துல இன்னும் ஒரு வரி இருக்கு," என்றார் அவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "'இக்கட்டிடத்தைப் பொறுத்தவரை மூன்றாம் மாடியில் இருந்தவர் மட்டும் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்துள்ளார்.'"

"தபால்காரராச்சே," என்றாள் அக்கா.

வெளியே தெரு வெயிலில் கிடந்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு வண்டி ஊதும் சத்தம் கேட்டது. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தள்ளுடா," என்றாள், "எனக்கு நேரமாச்சு."

அவர் தள்ளவில்லை. அவளே திரும்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வேலைக்குடா, மடையா."